கட்டுரைக்கு அடியில் திகதி எங்கே?

ஆசிரியருக்கு,

மறைந்த கவிஞர்கள் கவிதை பற்றியும் சக கவிஞர்கள் பற்றியும் எழுதிய கட்டுரைகளைத் திரட்டிப் புத்தகமாக்குகிறார்கள். நல்ல வேலை. ஆனால் பல தொகுப்புகளில் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரித்துப் போட்டுவிட்டு, எது எப்போது எதில் வந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

நம்மூர் திருகோணமலையில் பிறந்த கவிஞர் பிரமிளையே (1939–1997) எடுங்கள். சி.சு.செல்லப்பாவின் ‘எழுத்து’ சஞ்சிகை 1959இல் தொடங்கியது. அதில் தருமு சிவராமு என்ற பெயரில் எழுத வந்தபோது பிரமிளுக்கு இருபதை ஒட்டிய வயது. அப்போது எழுதியதையும், பின்னாளில் தமிழகத்தில் சக எழுத்தாளர்களோடு மல்லுக்கட்டி எழுதியதையும் திகதியில்லாமல் அடுத்தடுத்து அச்சிட்டால், முரண்பாடு மட்டுந்தான் தெரியும். பார்வை வளர்ந்ததா, கோபத்தில் மாறியதா என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஒவ்வொரு கட்டுரைக்கு அடியிலும் சஞ்சிகையின் பெயர், மாதமும் ஆண்டும், ஒப்பமிட்ட பெயர், கட்டுரையின் வகை ஆகிய நாலும் வேண்டும். வகையை லேசாக எண்ணக் கூடாது. முன்னுரையில் உபசாரத்துக்குப் புகழ்வார்கள், அஞ்சலியில் குறை சொல்லமாட்டார்கள், மதிப்புரையில்தான் வாய் திறப்பார்கள்.

எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் பெயரடைவு இல்லாத தொகுப்பு பாதிப் புத்தகம். ஈழத்துக் கவிஞர்களில் மஹாகவி ஓரிடத்தில் உருத்திரமூர்த்தி என்று வருவார், சில்லையூர் செல்வராசன் தான்தோன்றிக் கவிராயர் என்று வருவார். ஒரு தலைப்பின் கீழ் சேர்த்து, மற்றப் பெயரில் ‘பார்க்க’ என்று போடவேண்டும்.

பெரிய சேதம் மேற்கோள் கவிதைகளில்தான். இரண்டு பத்தியாக அச்சிட்ட பழைய சஞ்சிகையில் நீண்ட அடி இடம் போதாமல் மடிந்திருக்கும். தட்டச்சு செய்பவர் அதைத் தனி அடியாக்கிவிடுவார். மரபுக் கவிதையென்றால் சீரையும் எதுகையையும் பார்த்துச் சரிசெய்யலாம். புதுக்கவிதையில் அந்தப் பிடி இல்லை. கவிஞரின் சொந்தத் தொகுதியோடு ஒப்புநோக்கியே ஆகவேண்டும். தட்டச்சு செய்பவர் யாப்புத் தெரிந்தவரானால் ஆபத்து இன்னும் கூட! மஹாகவி யாப்பு வழுவாமல் எழுதி, பேச்சோசைக்கேற்ப அடியை முறித்துப் போட்டவர். அதை அடிக்கு நாலு சீராக நேராக்கிவிட்டால், கட்டுரையாளர் எந்த ஓசையைப் பற்றிப் பேசுகிறாரோ அது பக்கத்தில் இராது.

ஸ்கேன் செய்யும்போது வெறும் கறுப்பு வெள்ளை வேண்டாம். 300 டிபிஐ, சாம்பல் நிறத்தில் எடுங்கள். மங்கிய தாளில் முதலில் போவது மெய்ப்புள்ளி. ‘வான்வெளி’யின் புள்ளி போனால் ‘வானவெளி’. பொருள் கெடாததால் ஒப்புநோக்குபவர் கண்ணில் படாது. ஆனால் யாப்பில் அந்தச் சீர் ஈரசைக் கூவிளத்திலிருந்து மூவசைக் கூவிளங்காயாகிவிடும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது இன்னொரு வில்லங்கம்: ‘ர’ இருக்கவேண்டிய இடத்தில் துணைக்கால் (‘ா’) வந்து குந்தியிருக்கும். தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினியில் தேடினால் சொல் அகப்படாது.

நம்மூர்க் கடற்காற்றுக்குச் சஞ்சிகைகளின் கம்பிப் பின் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருக்கும். மேலிருந்து நெம்பினால் நடுப்பக்கம் கிழியும். உட்பக்கம் மடிந்த கால்களை நிமிர்த்திய பிறகே எடுக்கவேண்டும். மார்கழி மழையில் சஞ்சிகைக் கட்டைப் பிரிக்கவே வேண்டாம்.

உரிமையையும் மறக்கக் கூடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. 1971இல் மறைந்த மஹாகவியின் எழுத்துக்கு 2041 வரை. விமர்சனத்துக்காகச் சில அடிகளை எடுத்தாள்வது வேறு. முழுக் கவிதையையும் சேர்ப்பதானால் அந்தக் கவிஞரின் குடும்பத்தாரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

தங்கள் நூல் அறிமுகப் பகுதியில் விலையும் பக்கமும் போடுகிற இடத்திலேயே, திகதி உண்டா, பெயரடைவு உண்டா என்றும் ஒரு வரி சேர்க்கலாமே.

வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.