கொழிஞ்சாம்பாறை வட்டார நாய் வளர்ப்போர்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் சங்கம் ஆற்றிய பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்களும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாமும் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே, இவ்வாண்டு நாம் அதிகம் அலைந்தும் அதிகம் விவாதித்தும் முடித்த ஒரு பணியைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நாய்களைக் கட்டவிழ்த்து ஓடவிடுவதற்கு ஏற்ற ஒரு திடலைத் தேடித் தேர்ந்தெடுத்ததே அப்பணி.

அது நம்முடைய தவறு ஒன்றிலிருந்து தொடங்கியது. ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், டர்ஃப் என்று எல்லோரும் சொல்லும் செயற்கைப் புல் மைதானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, காலை ஒன்பதரை மணிக்கு உறுப்பினர்களை நாய்களோடு வரச் சொல்லியிருந்தோம். பச்சைப் பசேலென்று இருந்ததாலும் சுற்றிலும் வலை கட்டியிருந்ததாலும் அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது என்று நாம் நம்பினோம். பத்து மணிக்குள் நாய்கள் ஒரு காலை மாற்றி மறு காலைத் தூக்கத் தொடங்கின. அவை விளையாடுகின்றன என்று நினைத்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். சற்று நேரத்தில் மூன்று வயது லாப்ரடார் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. அதன் நாக்கும் ஈறும் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தன. உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறிக்கொண்டே மிருகாஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை; 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எடுத்துரைத்தார். அந்த நாய் பிழைத்துக்கொண்டது. இன்னொரு உறுப்பினரின் ராஜபாளையம் நாய்க்கு நான்கு உள்ளங்கால்களிலும் தோல் கொப்பளித்து, வெந்த உருளைக்கிழங்கின் தோலைப் போல உரிந்து வந்தது. மூன்று வாரம் அதைத் தூக்கிக்கொண்டுதான் வாசலுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. மைதானத்தாரின் மீது குறை ஏதும் இல்லை. இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தவர்கள் நாம்தான் என்பதைச் சங்கத்தின் குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறேன்.

அம்மாத இறுதியிலேயே கேரளத்தில் நம் பாலக்காட்டு மாவட்டத்துக்கு வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. அதையொட்டி மே மாதச் செயற்குழு, வெயில் குறையும் வரை எல்லா வெளிக்கூடுகைகளையும் நிறுத்திவைத்ததோடு, நமக்கென ஒரு திடல் தேடவும் தீர்மானித்தது.

ஜூன் முதல் பத்து வாரங்கள் நான் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில் உள்ள என் மகள் வீட்டில் தங்க நேர்ந்தது. சொனோரா பாலைவனத்தில் அமைந்த நகரம் அது. நான் போயிருந்த 2024ஆம் ஆண்டில், மே 27 முதல் செப்டம்பர் 16 வரை தொடர்ந்து 113 நாள் அங்கு 100 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வெயில் அடித்தது. அப்படிப்பட்ட ஊரில் நாய்களுக்கெனத் தனிப் பூங்காக்கள் இருக்கின்றன என்பதும், கடுங்கோடையிலும் அவற்றில் நாய்கள் ஓடுகின்றன என்பதும் எனக்கு வியப்பாக இருந்தது. செயற்குழு கேட்டுக்கொண்டபடி, மகளின் நாயோடு இயன்றவற்றையெல்லாம் போய்ப் பார்த்து வந்தேன்.

ஸ்டீல் இந்தியன் ஸ்கூல் பூங்கா நகரின் நடுவில், 1891 முதல் 1990 வரை பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி இருந்த இடத்தில் அமைந்திருக்கிறது. அதன் ஒரு பகுதியே நாய்களுக்கானது. அங்குக் கண்ட இரட்டைக் கதவு நாம் அப்படியே கொள்ளத் தக்கது. முதற்கதவைத் திறந்து உள்ளே வந்து, அதைச் சாத்திய பிறகே இரண்டாம் கதவைத் திறக்கிறார்கள். நடுவில் உள்ள சிறு இடைவெளியில்தான் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதும் நடக்கின்றன. அதனால் ஒரு நாய் நுழையும்போது மற்றொன்று வெளியே பாய்ந்துவிடுவதில்லை. பக்கத்து நகரமான ஸ்காட்ஸ்டேலின் சாப்பரல் பூங்காவில் துள்ளும் நாய்களுக்கு ஒரு பகுதியும் அமைதியான நாய்களுக்கு ஒரு பகுதியும் பிரித்திருக்கிறார்கள். கில்பர்ட் ஊரில் காஸ்மோ என்ற காவல்துறை நாயின் பெயரைத் தாங்கிய பூங்காவில் நாய்கள் நீந்துவதற்கென்றே ஒரு குளம் இருக்கிறது. பேத்திக்கு அந்தக் குளத்தை விட்டு வரவே மனமில்லை; நாய்க்கும் அப்படியே.

ஆனால் நான் கற்றுக்கொண்ட பாடத்தைக் கதவோ குளமோ கற்பிக்கவில்லை. என் மகள் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் வண்டியை விட்டு இறங்கியதும் குனிந்து, புறங்கையைத் தரையில் வைத்து ஏழு வரை எண்ணுவாள். எண்ணி முடிக்கும் வரை கை பொறுக்காவிட்டால் நாயை இறக்காமலே திரும்பிவிடுவாள். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அவள் சொல்லி நானும் வண்டி நிறுத்துமிடத்துத் தாரில் கை வைத்தேன். மூன்றாவது எண்ணிலேயே எடுத்துவிட்டேன். இரண்டடி தள்ளி, மரநிழலில் இருந்த புல் குளிர்ந்திருந்தது. காற்றின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்போதே, வெயில் நேராக விழும் தார் 55 டிகிரியைத் தாண்டக்கூடும். செயற்கைப் புல் தாருக்குச் சற்றும் சளைத்ததன்று. ஏப்ரலில் நம் நாய்கள் ஏன் கால் மாற்றி நின்றன என்பது எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. அந்நகரத்தார் பெரும்பாலும் விடியும் முன்னும் இரவு விளக்கொளியிலுமே வருகிறார்கள். வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால் மலைப்பாதைகளில் நாய்களை அழைத்துச் செல்லக் கூடாது என்று நகர நிர்வாகமே தடை வைத்திருக்கிறது.

அங்குள்ள பூங்காக்களில் கோடைக்கு விரித்திருக்கும் புல்லைப் பெர்முடா என்கிறார்கள். உற்று நோக்கினால் அது நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லேதான். நிழல் தரும் மெஸ்கீட் மரமோ நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. கடல் கடந்து போய்ப் பார்த்தவை நம் வாய்க்கால் வரப்பிலேயே கிடப்பவை என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அவ்வூர் வழக்கத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. நாய் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி இரைத்து, நாவின் ஈரத்தைக் காற்றில் விட்டே அது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பாலைவனக் காற்று உலர்ந்தது. அந்த ஈரத்தை உடனே வாங்கிக்கொள்ளும். நம் ஏப்ரல், மே மாதங்களின் புழுக்கத்தில் அது எளிதில் நடப்பதில்லை. ஆகவே அவர்களைவிடக் குறைந்த வெயிலிலேயே நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

நான் திரும்பிய பிறகு ஆகஸ்டு முதல் மூன்று இடங்களைப் பார்த்தோம். சித்தூர்ப்புழை ஆற்றை ஒட்டிய முதல் இடம் கண்ணுக்குக் குளிர்ச்சியானது. ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். பீனிக்ஸ் வட்டாரத்திலேயே 2016இல் நாய்களிடையே அந்நோய் பரவியது என்றால், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பெய்யும் நம் நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது ஒரு தென்னந்தோப்பு. நிழலுக்குக் குறைவில்லை, ஆயினும் மட்டையும் நெற்றும் எப்போது விழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சில உறுப்பினர்கள் இதையே விரும்பினார்கள். அவர்களுடைய கருத்தும் குறிப்பேட்டில் உள்ளது.

மூன்றாவதாகக் கண்ட 40 சென்ட் நிலத்தையே செயற்குழு தேர்ந்தெடுத்து, ஆண்டு வாடகைக்கு எடுத்தது. மேற்கே இரண்டு பெரிய புளியமரங்களும் வரப்போரம் ஒரு வரிசைப் புங்கமரங்களும் நிற்பதால், மாலை நான்கு மணிக்கே நிலத்தில் பாதி நிழலுக்குள் வந்துவிடுகிறது. ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. அதன் ஒரே குறை கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஓடும் நாயின் கால் சிக்கும் அளவுக்குப் பிளவு விடும் மண் அது. ஆகவே துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் இருக்கும்போதே உறுப்பினர்கள் முறை வைத்து அருகம்புல் நட்டார்கள். கிழக்குக் காற்று உலர்த்திய மாதங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விட்டு அதைக் காப்பாற்றிய மூன்று குடும்பங்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. ஐந்தடிக் கம்பி வலையும் இரட்டைக் கதவும் ஜனவரியில் முடிந்தன. சிறு நாய்களுக்குத் தனி அடைப்பு உண்டு.

இதற்கிடையில் உறுப்பினர் இருவர் ஹைதராபாத் சென்றபோது, கொண்டாபூரில் 2018இல் மாநகராட்சி திறந்த நாய்ப் பூங்காவைப் பார்த்து வந்தார்கள். அத்தகைய செலவு நம் சக்திக்கு அப்பாற்பட்டது.

பிப்ரவரியில் திடலைப் பயன்படுத்தத் தொடங்கினோம். தடுப்பூசிச் சான்றும் பஞ்சாயத்து உரிமமும் இல்லாத நாயை அனுமதிப்பதில்லை. தண்ணீருக்குப் பொதுத் தொட்டி வைக்காமல், அவரவர் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். தொற்று பரவாமல் இருக்க அதுவே வழி. வீடு திரும்பியதும் விரலிடுக்கிலும் காதின் உட்புறத்திலும் உண்ணி பார்க்கும்படி வலியுறுத்துகிறேன், ஏனெனில் நம் வட்டாரத்தில் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் அரிதன்று. மார்ச் முதல் மே வரை காலை ஆறு முதல் ஏழரை வரையும், மாலை ஆறரைக்குப் பிறகும் மட்டுமே கதவு திறக்கப்படும். அந்நேரத்திலும் பொறுப்பாளர் புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணிப் பார்த்தே உள்ளே விடுவார். நேரம் போதவில்லை என்ற மனக்குறை சிலருக்கு இருப்பதை அறிவேன். ஆயினும் இதைத் தளர்த்த நான் உடன்பட மாட்டேன்.

கிழக்குப் பகுதியில் காலை நிழல் இல்லை. அங்கு வேம்பும் புங்கமும் நட வேண்டும். மாலைக் கூடுகைக்கு விளக்குக் கம்பம் ஒன்றும் தேவை. இவ்விரண்டுக்குமான செலவை வரும் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்குமாறும், இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறும் பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்