கடுகு சைஸ் எழுத்து

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் எங்கம்மா பேப்பர்லேர்ந்து ஒரு பக்கத்த கத்தரிச்சு பீரோல பத்திரமா வெச்சிருந்தாங்க. ஆபரேஷன் இல்லாம மூட்டு வலி குணமாகுதாம், டாக்டர் பேட்டி, குணமானவங்க போட்டோ, எல்லாமே நியூஸ் போடுற அதே எழுத்து அதே டிசைன்ல. வாங்கிப் பார்த்தா மேல ஓரத்துல கடுகு சைஸ்ல 'விளம்பரதாரர் பகுதி'ன்னு இருக்கு. காட்டினேன், கண்ணாடிய ஏத்தி இறக்கிப் பார்த்துட்டு "ஏதோ மை ஒட்டியிருக்குன்னு நெனச்சேன்டா"ங்கறாங்க. அதுக்குள்ள 18,000 ரூபா கட்டியாச்சு, வலி அப்படியேதான் இருக்கு.

அது உங்க பேப்பர் இல்ல. ஆனா உங்க ஞாயிறு இணைப்புலயும் இதே கூத்து நடக்குது, அதான் எழுதறேன்.

லேபிள்தான் போட்டிருக்கோமேன்னு சொல்லுவீங்க. மகாராஷ்டிராவோட விதர்பா பக்கத்து கதை உங்களுக்கு தெரியாததா? 2008ல நாக்பூர்ல டைம்ஸ் ஆஃப் இந்தியா, யவத்மால் மாவட்டத்துல மரபணு மாத்தின பிடி பருத்தி போட்டு ரெண்டு கிராமம் செழிச்சுடுச்சு, அங்க ஒரு விவசாயி தற்கொலை கூட இல்லன்னு முழுப் பக்கத்துக்கு நியூஸ் போட்டாங்க. அதே கட்டுரை 2011ல மறுபடி வந்துச்சு, இந்த தடவை விளம்பரமா, வழக்கம் போல ஓரத்துல பொடி எழுத்துல ஒரு வரி. 2012ல பத்திரிகையாளர் பி. சாய்நாத் இத தோண்டி எடுத்து 'தி இந்து' பேப்பர்ல எழுதினார், அந்த ரெண்டு கிராமத்துல ஒண்ணான பாம்ப்ராஜா மக்கள் எங்க ஊர்லயே 14 தற்கொலைன்னு எம்பிக்கள் குழுகிட்ட சொன்னதையும் சேர்த்து. எனக்கு இதுல உறுத்தறது என்னன்னா, நியூஸா வந்தத அப்படியே தூக்கி விளம்பரமா போட முடியுதுன்னா, முதல் தடவை வந்தது மட்டும் என்னவாம்?

தேர்தல் நேரம்னா கேக்கவே வேணாம். உ.பி.ல பிசௌலி எம்எல்ஏ உம்லேஷ் யாதவ், காசு குடுத்து போட்ட நியூஸ செலவுக் கணக்குல காட்டலன்னு 2011ல தேர்தல் கமிஷன் 3 வருஷத்துக்கு தகுதி நீக்கம் பண்ணுச்சு. குடுத்தவங்களுக்கு தண்டனை, சரி, வாங்கிப் போட்ட பேப்பருக்கு? பத்திரிகைங்கள கண்காணிக்கற பிரஸ் கவுன்சில் கண்டிக்கும், அவ்ளோதான், அதுக்கு அபராதம் போடுற அதிகாரமே கிடையாது.

நாங்க குடுக்கற காசுல பேப்பர் அச்சடிக்கற செலவு கூட தேறாதுன்னு எனக்கும் தெரியும்ங்க, விளம்பரமே வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் ஒண்ணும் தெரியாதவன் இல்ல. நகைக்கடை விளம்பரம் முதல் பக்கத்தையே மூடிக்கிட்டு வருது, யாராவது கோவப்படறோமா, அது விளம்பரம்னு பச்சக் குழந்தைக்கும் தெரியும். இப்போ பாருங்க, நேத்து டெங்கு நியூஸ படிச்சுட்டு அம்மா "இதுக்கு எந்த ஆஸ்பத்திரிடா காசு குடுத்துருக்கும்"ங்கறாங்க. அது உங்க நிருபர் அலைஞ்சு திரிஞ்சு எழுதினது, பாவம்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங் நேரம் வரப்போகுது, காலேஜ் தாளாளர் பேட்டியா வந்து குவியும். அந்தப் பக்கத்துக்கு வேற கலர் குடுங்க, 'விளம்பரம்'ங்கற வார்த்தைய தலைப்பு அளவுக்குப் பெருசா போடுங்க, நிருபர் பேர அதுல போடாதீங்க. அம்மா இப்போ பக்கத்து வீட்டு தாத்தாவோட லென்ஸ வெச்சுதான் பேப்பர் படிக்கறாங்க, அவரு ரெண்டு தடவை திருப்பிக் கேட்டுட்டாரு.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தர்,
மதுரை