மணல் வாங்கும் முன் வடிகாலைத் தோண்டிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதியிலுள்ள கோல்ஃப் மைதானம் ஒன்றில், பழுதடைந்துவிட்ட பங்கர்களை, அதாவது பந்தைச் சிக்கவைப்பதற்கென்றே வெட்டப்படும் மணற்குழிகளைச் சீரமைக்கப் பல லோடு ஆற்றுமணல் வாங்குவதென்று அதன் நிர்வாகக் குழு முடிவெடுத்திருப்பதாக அறிகிறேன். வீடு கட்டுகிறவர்களுக்கே ஆற்றுமணல் எட்டாக்கனியாகிவிட்ட இந்நாளில் இது மைதானத்துக்குள் மட்டும் பேசி முடிக்கிற விஷயம் அல்ல என்பதாலும், இத்தகைய மைதானங்களின் பராமரிப்பிலேயே இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதாலும் இதை எழுதுகிறேன்.

பங்கர் மணல் தேய்ந்து வீணாவதில்லை. மண் கலந்துதான் வீணாகிறது. ஐப்பசி மழை ஓர் இரவு அடித்துப் பெய்தால், குழியின் சரிவில் ஒட்டியிருக்கும் மணல் முழுவதும் அடிக்கு இறங்கி, கீழே இருக்கும் செம்மண் வெளியே தெரியும். மறுநாள் விடியற்காலையில் ஏழெட்டுப் பேர் மண்வெட்டியோடு இறங்கி அந்த மணலை மேலே ஏற்றுவார்கள். ஏற்றும்போதே கரைந்த செம்மண்ணும் சேர்ந்து ஏறும். அடுத்த மழையில் மறுபடியும் இதே கதை. இப்படிச் சேரும் களிமண் துகள், மணலின் இடுக்குகளில் இறங்கி, கடைசியில் அடியிலுள்ள வடிகால் குழாயில் போய்ப் படிகிறது. குழாய் அடைத்த பிறகு மேலே எவ்வளவு நல்ல மணலைக் கொட்டினாலும் அது தண்ணீரில் ஊறிக் கிடக்க வேண்டியதுதான்.

ஒருமுறை, எப்போதும் நீர் தேங்கும் பங்கர் ஒன்றைத் தோண்டி, அதன் 4 அங்குலக் குழாயை வெட்டியெடுத்துப் பார்த்தோம். புட்டுக்குழலில் மாவை அடைத்ததுபோல் முனையிலிருந்து முனை வரை செம்மண் இறுகியிருந்தது. தட்டியபோது உருளையாகவே வெளியே விழுந்தது. அந்தக் குழிக்கு அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் 2 முறை புதுமணல் போட்டிருந்தோம். இரண்டாவது முறை கொள்முதல் சீட்டில் கையெழுத்திட்டவன் நான்தான்.

அமெரிக்க கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர் சங்கம், பங்கர் மணலுக்கு 5 முதல் 7 ஆண்டுகளும், அதன் வடிகால் குழாய்க்கு 5 முதல் 10 ஆண்டுகளுமே ஆயுள் என்று கணக்கிடுகிறது. நம் ஊரில் இருபது ஆண்டான குழாய்மீதும் ஆண்டுதோறும் மணலை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். விளைவாக, தரையில் 4 அங்குலமும் சரிவில் 2 அங்குலமும் இருந்தால் போதுமான மணல், சில குழிகளில் ஒரு முழம்வரை சேர்ந்து, விழுகிற பந்து பாதிக்கு மேல் புதைந்துவிடுகிறது. அங்கே தேவைப்படுவது மண்வெட்டிதான், லாரி அல்ல.

ஆற்றுமணலுக்குப் பதில் எம்-சாண்ட் வாங்கினால் போயிற்று என்பாரும் உண்டு. கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணலின் கூர்முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் அது சரிவில் உருண்டையான ஆற்றுமணலைவிட நன்றாகவே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கட்டுமானத்துக்கு விற்கப்படும் எம்-சாண்டை அப்படியே கொட்டிவிடக் கூடாது. பங்கருக்கு வேண்டியது பெரும்பாலும் 0.25 முதல் 1 மில்லிமீட்டர் வரையிலான துகள். கட்டுமான ரகத்திலோ அதைவிடப் பெருமணலும் இருக்கும், கல்மாவும் இருக்கும். காங்கிரீட்டில் தொல்லை தராத அந்தக் கல்மாவே வடிகாலை அடைத்துவிடும். சலித்து, கழுவிய பிறகே வாங்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கைப்பிடி மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், கால் மணி நேரத்துக்குப் பிறகும் தண்ணீர் கலங்கலாக இருக்கிறதா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். பழைய பங்கர் மணலுக்கும் இதே சோதனை பொருந்தும்.

இத்தனை பங்கர்கள் வேண்டுமா என்றும் குழு யோசிக்க வேண்டும். இந்த விளையாட்டு வளர்ந்த ஸ்காட்லாந்துக் கடற்கரையில் நிலமே மணல். பெய்த மழை தானாக இறங்கிவிடும். அங்கே இயற்கையாக அமைந்த குழியை நாம் செம்மண்ணில் வெட்டி வைத்துவிட்டு, அதைக் காப்பாற்ற ஆண்டு முழுவதும் மல்லுக்கு நிற்கிறோம். உலகப் புகழ்பெற்ற அகஸ்டா நேஷனல் மைதானமே 1930களில் 22 பங்கர்களோடுதான் தொடங்கியது. எங்கள் பகுதி மைதானத்தில், யார் பந்தும் போய் விழாத, பார்வைக்காக மட்டும் இருக்கிற குழிகள் ஐந்தாறாவது தேறும். அவற்றில் புல் வளர்த்து வெறும் பள்ளமாக விட்டால் ஆட்டத்துக்குக் குறைவில்லை. மிஞ்சுவனவற்றில் செங்குத்தான சரிவைத் தாழ்த்தி, மேட்டிலிருந்து ஓடிவரும் தண்ணீர் உள்ளே இறங்காதபடி, வயலுக்கு வரப்பு போடுவதுபோல் ஒரு சிறு மேடு அமைத்துவிட்டால், மழைக்கு மறுநாள் மணல் ஏற்றுகிற வேலை பெருமளவு குறையும்.

ஆகவே மணல் கொள்முதலை இந்த ஒரு பருவமழைக்கு மட்டும் தள்ளிவைக்குமாறு குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மழை விட்டு ஒரு நாள் கழித்தும் நீர் தேங்கி நிற்கும் குழிகளுக்கு அருகே ஒரு குச்சியை நட்டு வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் குச்சி நட்ட இடங்களில் மட்டும் குழாயைத் தோண்டிப் பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றிய பின் எத்தனை லோடு மணல் தேவை என்று கணக்கிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மைதானப் பராமரிப்பு மேற்பார்வையாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.