‘காடி கஹாங் லகாயே?’ கேட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசி, அயோத்தி, ஆக்ரா, டெல்லி என்று வடக்கே போய்வருவதைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. எந்தக் கோயிலில் எப்போது நடை திறக்கும், எங்கே தங்கலாம், எந்தத் தெருவில் இட்லி கிடைக்கும், எல்லாம் எழுதுகிறார்கள். சொந்தக் காரிலோ வாடகை வேனிலோ போகிறவர் வண்டியை எங்கே விடுவது, அதை யாரிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு வரி இருக்காது. ஓரத்தில் கட்டம் கட்டி ‘பயணிகளுக்கு உதவும் இந்தி’ என்று போட்டாலும் அதில் ‘என் பெயர் இன்னது’, ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்றுதான் இருக்கும். காசியில் கோதோலியா முக்கில் பின்னால் வரிசையாக ஹார்ன் அடிக்கும்போது யாரிடம் போய் அந்த மகிழ்ச்சியைச் சொல்வது?

காரிலேயே வடக்கே போகிறவர்கள் நம்மில் இப்போது நிறைய இருக்கிறார்கள். கன்னியாகுமரியில் இருந்து வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால், நாக்பூர் தாண்டி மத்தியப் பிரதேசத்தில் லக்னாதோனில் பிரிந்து ஜபல்பூர், ரீவா வழியாகக் காசி போய்விடலாம், பிரியாமல் நேரே போனால் ஆக்ரா, டெல்லி. வழிக்கு மேப், சுங்கச்சாவடிக்கு ஃபாஸ்டேக். ஊருக்குள் நுழைந்து வண்டியை எங்கே நிறுத்துவது என்கிற இடத்தில்தான் முதல்முறையாக வாயைத் திறந்தாக வேண்டிய நிலை வருகிறது.

கேட்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ‘பார்க்கிங்’ அங்கேயும் பார்க்கிங்தான், ‘பார்க்கிங் கஹாங் ஹை?’ என்றால் யாருக்கும் புரியும். ஆனால் உள்ளூர்க்காரர்கள் வண்டியை ‘லகானா’ என்பார்கள். ‘பையா, காடி கஹாங் லகாயே?’ (அண்ணே, வண்டிய எங்க விடுறது?) என்று கேட்டால் கூடுதலாக அரை நிமிடம் நின்று பதில் சொல்வார்கள். ‘யஹாங் லகா சக்தே ஹை க்யா?’ என்பது ‘இங்கே விடலாமா?’. இந்த வடிவத்தில் ஒரு வசதி உண்டு. இந்தியில் ஆண் பேசினால் ஒரு மாதிரி, பெண் பேசினால் வேறு மாதிரி வினை மாறும், ‘சக்தே ஹை’ என்று பொதுவில் கேட்டுவிட்டால் வண்டி ஓட்டுவது யாராக இருந்தாலும் பொருந்தும். தமிழில் எழுதிப் படிக்கிறவர்களுக்காக ஒன்று: ‘காடி’யில் வருவது கங்கையின் க, ‘கஹாங்’கில் வருவது கல்லின் க. போலீஸ்காரரை ‘ஸர்’ என்று கூப்பிடலாம், கடைக்காரர், பார்க்கிங்காரர் எல்லோரும் ‘பையா’ அல்லது ‘பாய் ஸாஹப்’. முன்பின் தெரியாதவரிடம் ‘தூ’ (நீ) வேண்டவே வேண்டாம், அது நம் ‘டேய்’க்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

பதில் வரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நாம் இந்தியில் கேட்டால் அவர் நமக்கு இந்தி தெரியும் என்று நினைத்துக்கொண்டு, கையை மூன்று பக்கம் ஆட்டி, ஒரே மூச்சில் முழு வழியையும் சொல்லி முடித்துவிடுவார். அதில் ‘ஸீதா’ என்று வந்தால் நேராகப் போ. ‘ஸீதே ஹாத் பே’ என்று வந்தால் வலது கைப் பக்கம். ‘உல்டே ஹாத்’ இடது. இந்த ஒரு ‘ஹாத்’ காதில் விழாமல் நேரே போய், ஒருவழிப் பாதைக்குள் நுழைந்து, அப்புறம் சுற்றிக்கொண்டு வருவது ரொம்ப சாதாரணம். தாயே, பாயே என்று பள்ளிக்கூட இந்தியில் படித்த வலது இடதுகளும் காதில் விழும், ஆனால் தெருவில் லெஃப்ட் ரைட் என்றே நாமும் கேட்கலாம், அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கையைப் பாருங்கள், வாயை நம்பாதீர்கள்.

அதனால் என் யோசனை, ‘எங்கே?’ என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டு, ஆமாம் இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேட்பதுதான். இடத்தின் பெயரை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போய், கையை நீட்டி, காசியில் என்றால் ‘பேனியாபாக் பார்க்கிங், இதர் ஸே?’ (இந்தப் பக்கமா?) என்று கேட்டால் தலையாட்டலிலேயே வேலை முடிந்துவிடும்.

காசியையே எடுத்துக்கொள்வோம். தசாஸ்வமேத படித்துறைக்குப் போகிற கோதோலியா வட்டாரத்தில் காரைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். நம்மவர்கள் தேடிப்போகிற நகரத்தார் சத்திரமும் அந்தப் பக்கம்தான். கோதோலியாவில் 2021இல் திறந்த பல அடுக்கு பார்க்கிங் ஒன்று இருக்கிறது, மேப்பிலும் வரும், வழியில் கேட்டாலும் அதைத்தான் காட்டுவார்கள், ஆனால் அது இருசக்கர வண்டிகளுக்காகக் கட்டியது! கார் என்றால் பேனியாபாக் தரைக்கடி பார்க்கிங்கைக் கேட்க வேண்டும். ஆகவே வெறுமனே ‘பார்க்கிங்’ என்று நிறுத்தாமல் ‘கார் கே லியே’ (காருக்கு) என்று சேர்ப்பது முக்கியம். வேனில் போகிறவர்கள் வண்டியைக் காட்டியே கேட்பது உத்தமம், ‘பார்க்கிங்’ என்று சொன்னவர் மனத்தில் எந்த அளவு வண்டி இருந்தது என்று நமக்குத் தெரியாது.

ஆக்ராவில் கதை வேறு. தாஜ்மகாலைச் சுற்றி 500 மீட்டருக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகள் போகக்கூடாது, உள்ளே குடியிருப்பவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. கிழக்கு வாசலுக்கு ஷில்ப்கிராம் பக்கம் ஒரு நிறுத்தம், மேற்கு வாசலுக்கு ஒன்று, அங்கே விட்டுவிட்டு பேட்டரி வண்டியிலோ நடந்தோ போக வேண்டும். ‘பூர்வீ கேட்’ என்றால் கிழக்கு, ‘பஷ்சிமீ கேட்’ மேற்கு. (வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும், அன்றைக்குப் பார்க்கிங் ரொம்ப தாராளமாகக் கிடைக்கும்.) இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் சாலையில் கையைக் காட்டி நிறுத்துகிறவர்களிடம் மாட்டிக்கொள்வோம். சுற்றுலா ஊர்களில் எல்லாம் இவர்கள் உண்டு. விசிலும் கையில் ஒரு கட்டுத் தாளும் வைத்துக்கொண்டு ‘ஆகே பந்த் ஹை, யஹீங் லகா லோ’, முன்னாடி அடைத்திருக்கிறது, இங்கேயே விட்டுவிடு என்பார்கள். அதிகாரி தோரணை. அவர்களுடைய மைதானத்தில் விட்டால் கேட்கிற காசு கொடுக்க வேண்டும், பக்கத்திலேயே அவர்களுக்கு வேண்டப்பட்ட கடையும் இருக்கும். ‘ஸர்காரீ பார்க்கிங் கௌன் ஸீ ஹை?’ என்று கேட்டுப் பாருங்கள், அரசுப் பார்க்கிங் எது என்று. கேட்டது யாரிடம் என்பதும் முக்கியம், அந்த ஆளிடமே கேட்காமல் கொஞ்சம் தள்ளி டீக்கடையில் கேளுங்கள்.

இன்னொன்று. ‘இங்கே விடலாமா?’ என்று கேட்டால் ‘ஹாங் ஹாங், லகா தோ’ (ஆமாம், விட்டுவிடு) என்று தாராளமாகச் சொல்வார்கள். அந்த இடம் அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, நல்லெண்ணத்தில் சொல்வதுதான். அதோடு விடாமல் ‘க்ரேன் தோ நஹீ ஆயேகீ?’ என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். கிரேன் வந்து தூக்கிடாதே? இதற்கு உண்மையான பதில் வரும். ‘ஆ பீ ஸக்தீ ஹை’, வந்தாலும் வரும் என்று ஒரு சிரிப்போடு சொன்னால் வண்டியை எடுத்துவிடுங்கள். ரெண்டு நிமிஷம்தானே என்கிற கணக்கெல்லாம் சட்டத்தில் எடுபடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆவது பிரிவு, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் கிடக்கும் வண்டியை இழுத்துப் போகச் சீருடையில் இருக்கிற காவல் அதிகாரி அனுமதிக்கலாம் என்கிறது, ஆனால் நிறுத்தக்கூடாது என்று தடை செய்த இடம் என்றால் அந்த 10 மணி நேரப் பேச்சே கிடையாது. இழுத்த செலவும் நம் தலையில், அபராதம் தனி. ‘சாலான் கட் ஜாயேகா’ என்று யாராவது எச்சரித்தால் அது அந்த அபராதம். வங்கிச் சலானை நினைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

டெல்லிக்கு வந்தால் இதற்கெல்லாம் மேலே ஒன்று. நெரிசலான கடைத்தெரு பார்க்கிங்குகளில் ஒரு வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசையாக வண்டிகளை அடுக்குவார்கள். உள்ளே இருக்கிற கார் வெளியே வர, முன்னால் நிற்கிற காரைக் கையால் தள்ளி நகர்த்துவார்கள். அதற்காக நம்மிடம் ‘நியூட்ரல் மே சோட்னா, ஹேண்ட் பிரேக் மத் லகானா’ என்று சொல்லிவிட்டுப் போவார் பார்க்கிங்காரர். நியூட்ரலில் விடு, ஹேண்ட் பிரேக் போடாதே. நமக்கு என்ன காதில் விழும்? ஹேண்ட் பிரேக், லகானா. சரி என்று நன்றாக இழுத்துப் போட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். ‘மத்’ என்கிற அந்தச் சின்னச் சொல்லைத் தவறவிட்டால் திரும்பி வரும்போது நான்கு குடும்பங்கள் நம் காரைச் சுற்றி நின்றுகொண்டிருக்கும். அதனால் வண்டியை விட்டு இறங்கும்போதே நாமாகக் கேட்டுவிடுவது நல்லது: ‘நியூட்ரல் மே?’ சரிவான இடம் என்றால் எவர் சொன்னாலும் பிரேக்கை எடுக்காதீர்கள், வேறு இடம் கேளுங்கள். ஆட்டோமேட்டிக் கார்க்காரர்களிடம் ‘சாபீ தே தோ’ என்று சாவி கேட்பார்கள். என்னைக் கேட்டால் சாவியைக் கொடுக்கிற இடத்தில் வண்டியை விடவே கூடாது, மெட்ரோ நிலையங்கள் பலவற்றில் கட்டண நிறுத்தம் இருக்கிறது, அங்கே விட்டுவிட்டு ரயிலில் போவது எல்லா வகையிலும் லாபம். கன்னாட் பிளேஸ் என்றால் தரைக்கடியில் பாலிகா பார்க்கிங் இருக்கிறது. சாந்தினி சௌக்குக்குக் காரை எடுத்துப் போகும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள், செங்கோட்டையில் இருந்து ஃபதேபுரி மசூதி வரை காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘கித்னே கண்டே கா கித்னா?’ எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு. ‘ராத் பர் கா?’ ராத்திரி முழுக்க என்றால். ‘கித்னே பஜே தக் குலா ஹை?’ எத்தனை மணி வரை திறந்திருக்கும். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, கங்கா ஆரத்தி முடிந்து ஆற அமரச் சாப்பிட்டு வந்தால் கேட் பூட்டியிருக்கும். காசு கொடுத்ததும் ‘பர்ச்சீ தீஜியே’ என்று சீட்டு கேளுங்கள். சீட்டு தராதவர் பார்க்கிங்காரர்தானா என்பதே சந்தேகம்.

பலகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரு கோடு என்றால் நிறுத்தக்கூடாது, இரண்டு கோடு குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் நிற்கவே கூடாது. இது நாடு முழுக்க ஒரே படம்தான், மொழி வேண்டியதில்லை. ஆனால் எந்த நேரத்தில், எதுவரைக்கும் என்று அதற்குக் கீழே இருக்கிற சின்னத் தகடு பல இடங்களில் தேவநாகரியில் மட்டும்தான் இருக்கிறது. வெளிமாநிலத்து வண்டிகள் இவ்வளவு வருகிற ஊர்களில் அதையும் கட்டணப் பலகையையும் எண்ணாகவும் படமாகவும் வைத்தால் என்ன செலவாகிவிடும்? வீட்டுக் கதவுகளில் தொங்குகிற பலகைகள் இன்னொரு ரகம். ‘காடி கடீ கர்னே பர் ஹவா நிகால் தீ ஜாயேகீ’ என்று எழுதியிருக்கும், வண்டியை விட்டால் காற்றைப் பிடுங்கிவிடுவோம் என்று. படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கு முன்னால் கையெழுத்தில் எந்தப் பலகை இருந்தாலும் அதில் நல்ல சேதி இருக்காது.

இதைப் படித்துவிட்டு ‘இந்தியைக் கற்கச் சொல்கிறாரா?’ என்று யாராவது கடிதம் போடக்கூடும். நான் இருமொழிக் கொள்கைக்காரன்தான், எதையும் கட்டாயமாகப் படிக்க வைப்பது எனக்கு ஆகாது. நாமக்கல் லாரி ஓட்டுநர்களும் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களும் காலங்காலமாக மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் எல்லாம் போய்ப் பிழைக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் பாடத்திட்டம் வகுத்துக் கொடுக்கவில்லை, வண்டி நிறுத்தவும் டீசல் போடவும் சாப்பிடவும் தேவைப்பட்டதைத் தெருவிலேயே கற்றுக்கொண்டார்கள். ராமேஸ்வரத்துக்கு வருகிற வடநாட்டு வேன்காரர்களும் அதே மாதிரிதான் ‘எங்கே’, ‘எவ்வளவு’ என்று இரண்டு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை வடநாட்டுப் பயணக் கட்டுரை வெளியிடும்போது அந்தக் கட்டத்தில் ‘மகிழ்ச்சி’யை எடுத்துவிட்டு இவற்றைப் போடுங்கள். எழுதுகிறவர் லாரி ஓட்டிப் பழகியவராக இருந்தால் இன்னும் நல்லது, என்னைவிட அவர்களுக்குத்தான் இதெல்லாம் நன்றாகத் தெரியும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துப் படிக்கிற அளவுக்கு. திரும்பிக் கிளம்பும்போது தேவைப்படுகிற கேள்வியையும் விட்டுவிடாதீர்கள்: ‘பையா, பீச்சே வாலீ காடி கிஸ்கீ ஹை?’ பின்னாடி மறித்து நிற்கிற வண்டி யாருடையது என்று.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சேலம்.