கல்யாணம் செய்தால் பணம் சேரும் விளையாட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கைப்பேசியிலிருந்து பிரித்து உட்கார வைக்க என்னென்ன விளையாட்டுகள் இருக்கின்றன என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் ‘தி கேம் ஆஃப் லைஃப்’ என்ற அமெரிக்கப் பலகை விளையாட்டைப் பாராட்டி, பிள்ளைகளுக்குப் பணத்தைக் கையாளும் பக்குவம் அதில் வரும் என்று எழுதியிருந்தார்கள். விளையாட்டு நல்ல விளையாட்டுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பணப் பக்குவம் வரும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் பேராவூரணிப் பக்கத்துக்காரன். கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடனையும் வட்டியையும் கல்யாணச் செலவையும் உரைகல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பலகையில் ஒரு வளைந்த சாலை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் கார். காரில் ஆறு ஓட்டைகள். ஒரு ஓட்டையில் நம்மைக் குறிக்கும் குச்சியைச் செருகிக்கொண்டு புறப்பட வேண்டும். தாயக்கட்டைக்குப் பதிலாக ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட சக்கரம். அது கிர்ரென்று சுற்றி நிற்கும் எண்ணுக்குக் கார் நகரும். முதலிலேயே ஒரு கேள்வி: கல்லூரிக்குப் போகிறாயா, நேராக வேலைக்குப் போகிறாயா? அப்புறம் கல்யாணம், வீடு, குழந்தைகள், கடைசியில் ஓய்வு. எல்லாரும் ஓய்வு பெற்றதும் எண்ணிப் பார்ப்பார்கள், யார் கையில் பணம் அதிகமோ அவருக்கு வெற்றி. என் மகள் வாங்கி வந்த பெட்டி பிற்காலப் பதிப்பு, அதில் வளர்ப்புப் பிராணிக்குக்கூடக் குச்சி இருக்கிறது. நான் சொல்லும் கணக்கெல்லாம் அந்தப் பெட்டியை வைத்துத்தான். பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தொகைகள் மாறும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பதினொரு வயதுப் பேரனும் எட்டு வயதுப் பேத்தியும் ஒரு மணி நேரம் ஒரே பாயில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேரனை வங்கிக்காரனாகப் போட்டோம். ஒரு லட்சத்துக்குச் சில்லறை மாற்றுவது, சம்பளத்தில் பிடித்தம் போக மீதி கொடுப்பது என்று பள்ளிக்கூடத்தில் முகம் சுளித்துச் செய்யும் கூட்டல் கழித்தலை எல்லாம் வாய்க்கணக்காகவே போட்டான். அதைவிட முக்கியம், பிள்ளைகள் கேட்ட கேள்விகள். வரி என்றால் யாருக்குக் கட்டுவது? டாக்டருக்கு ஏன் வாத்தியாரைவிடச் சம்பளம் கூட? உங்களுக்கு முதல் சம்பளம் எவ்வளவு தாத்தா? இதையெல்லாம் சாதாரண நாளில் எந்தப் பிள்ளை நம்மிடம் வந்து கேட்கிறது? எங்கள் வீட்டு மாடத்தில் பரமபதப் படம் ஒன்று சுருட்டி வைத்திருக்கிறோம், வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்க எடுப்போம். அதில் நாம் முடிவெடுக்க எதுவுமே கிடையாது. தாயக்கட்டை சொன்னபடி ஏணியில் ஏறுவோம், பாம்பு வாயில் விழுவோம். இதில் கொஞ்சமாவது பிள்ளைகள் யோசித்து வழி பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவில் இது ஒரு படி மேல்தான்.

இந்த விளையாட்டுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது, அது சுவையானது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் மில்டன் பிராட்லி என்று ஒருவர் கல்லச்சுக்கூடம் நடத்திவந்தார். 1860இல் ஆபிரகாம் லிங்கன் தேர்தலில் நின்றபோது அவர் படத்தை அச்சடித்து விற்றார். மழித்த முகம் உள்ள படம். லிங்கன் தாடி வளர்த்துவிட்டார், படம் விலை போகவில்லை. அந்த நெருக்கடியில் அதே ஆண்டு அவர் அச்சடித்துப் பிழைத்ததுதான் இந்த விளையாட்டின் மூதாதை. சதுரங்கப் பலகை மாதிரி 64 கட்டங்கள். தாயக்கட்டை சூதாட்டத்தின் அடையாளம் என்று அந்த ஊர்ப் பக்திமான்கள் நினைத்த காலம், அதனால் எண் எழுதிய ஒரு சிறு பம்பரத்தைச் சுழற்ற வைத்தார். கட்டங்களில் நேர்மை, விடாமுயற்சி என்று இருந்தன. வறுமை, அவமானம், சிறை, சீரழிவு என்பவையும் இருந்தன. சோம்பல் கட்டத்தில் நின்றால் அவமானத்துக்குப் போக வேண்டும், சூதாட்டத்தில் நின்றால் சீரழிவுக்கு. 100 புள்ளி எடுப்பவர் வெல்வார், ‘மகிழ்ச்சியான முதுமை’ என்ற கட்டத்துக்கு மட்டும் 50 புள்ளி. நம் பரமபதப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தோன்றாது.

சரியாக நூறு வருடம் கழித்து, 1960இல், அதே நிறுவனத்துக்காக ரூபன் கிளேமர் என்பவர் புதிதாக வடிவமைத்ததுதான் இன்றைய சாலையும் காரும் சக்கரமும். அப்போதுதான் புள்ளி போய் டாலர் வந்தது. ஜெயித்தவருக்குக் கோடீஸ்வரர் குடியிருப்பு, தோற்றவருக்கு ஏழைகள் பண்ணை என்று வைத்தார்கள். பிறகு நயமாக்கி நயமாக்கி, எங்கள் பெட்டியில் தோற்றவருக்கு என்று தனி இடமே இல்லை. பிராட்லி போட்ட சிறையும் வறுமையும் போன இடம் தெரியவில்லை. குழந்தைகள் விளையாட்டில் அவை வேண்டாம் என்பது நியாயம்தான். ஆனால் அவற்றை எடுத்த பிறகும் ‘வாழ்க்கை’ என்று பெயர் வைத்துப் பாடமாகவும் விற்பதுதான் இடிக்கிறது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் கையில் பணம் இல்லாவிட்டால் வங்கியில் ஐம்பதாயிரம் கடன் வாங்கலாம், திருப்பும்போது அறுபதாயிரம் கொடுத்தால் போதும். எப்போது திருப்பினாலும் அதே அறுபதாயிரம்தான்! அடுத்த சுற்றில் கட்டினாலும் அறுபது, ஓய்வு பெற்றுக் கிழவனாகிக் கட்டினாலும் அறுபது. என் பேரன் இதை இரண்டாவது ஆட்டத்திலேயே பிடித்துவிட்டான். கிடைப்பதிலேயே பெரிய வீட்டைக் கடனில் வாங்கினான், கடன் சீட்டுகளை விசிறி மாதிரி விரித்து முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டான், கடைசியில் வீட்டை விற்கச் சக்கரத்தைச் சுற்றினான். கறுப்பில் நின்றால் ஒரு விலை, சிவப்பில் நின்றால் ஒரு விலை. கறுப்பில் நின்றது, லாபம். “தாத்தா, கடன் வாங்குனா நஷ்டமே இல்ல, எதுக்குப் பயப்படுறீங்க?” என்றான்.

ஆட்டத்தின் விதிப்படி அவன் சொன்னது சரிதான். எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான்.

சங்கத்தில் என் மேசைக்கு வரும் பெண்கள் பலர் தாலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, கொடியை மட்டும் என் முன்னால் வைப்பார்கள். வருஷம் முடியும்போது அசலுக்கு வழியிருக்காது. வட்டியை மட்டும் புரட்டிக் கட்டி, அதே கொடியை அதே நாளில் மறுபடி அடகு வைத்துவிட்டுப் போவார்கள். ரசீது புதிது, கொடி பழையது. எடை போடாமலே கிராம் சொல்லும் அளவுக்குச் சில கொடிகள் எனக்குப் பழக்கம். தவணை தப்பினால் ஏல நோட்டீஸ். கடன் என்றால் அதன் உடம்பே காலம்தான். நாள் ஏற ஏற வட்டி ஏற வேண்டும். நாள் ஏறினாலும் அசையாமல் நிற்கும் வட்டியைக் காட்டி, இதுதான் கடன் என்று பதினொரு வயதுப் பையனிடம் சொன்னால், நாளைக்குக் கைப்பேசியில் நிமிடத்தில் கடன் தருகிறேன் என்று வரும் செயலிகளிடம் அவன் என்ன பாடுபடுவான்?

அதனால் நான் ஒரு வீட்டு விதி போட்டேன். சம்பளக் கட்டத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும், கையில் உள்ள ஒவ்வொரு கடன் சீட்டுக்கும் பத்தாயிரம் வட்டி. அதோடு ஆட்டத்தின் போக்கே மாறியது. பேரன் சின்ன வீட்டுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தான். சம்பளம் வந்ததும் முதலில் கடனை அடைத்தான். யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை.

அடுத்தது கல்யாணம். இந்த விளையாட்டில் கல்யாணக் கட்டத்தில் நின்றால் செலவே கிடையாது, வரவுதான். மற்ற ஆட்டக்காரர்கள் எல்லாரும் அன்பளிப்பாகப் பணம் கொடுக்க வேண்டும். என் மனைவி இதைக் கேட்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். மண்டபம், சாப்பாடு, நகை, சீர் எதுவும் இல்லாமல் காசு மட்டும் வருமாம்! போதாக்குறைக்குக் கடைசியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஐம்பதாயிரம் வங்கியே தருகிறது. குழந்தையால் செலவு வரும் கட்டம் எப்போதாவது வருகிறது, மொத்தத்தில் பிள்ளை பெற்றவன் லாபத்தில்தான் முடிக்கிறான்.

அன்பளிப்பு எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து களைகட்டும். நாலைந்து பேர் சேர்ந்து பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மொய் நோட்டைத் திறந்து உட்காருவார்கள். வந்த பணத்தில் கிணறு வெட்டியவர்கள், கடை வைத்தவர்கள், பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். வட்டி இல்லை, ஜாமீன் இல்லை. ஆனால் நோட்டு இருக்கிறது. வாங்கியதை அவரவர் முறை வரும்போது திருப்பிச் செய்தாக வேண்டும், அதற்கு மேல் புது நடை என்று கூடுதலாகவும் எழுத வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனபோது, திருப்பிச் செய்ய வழியில்லாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தவர்களை நான் அறிவேன். மொய் என்பது சும்மா வரும் பணம் அல்ல என்பது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டாலர் நோட்டில் அது மறந்துபோகிறது.

இதற்கும் வீட்டிலேயே வழி கண்டோம். பேத்தி ஒரு பழைய நோட்டை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, முனையில் மஞ்சள் தடவி, யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள் என்று எழுதத் தொடங்கினாள். தன் கல்யாணத்துக்கு வாங்கியவர், அடுத்தவர் கல்யாணத்துக்கு அதோடு பத்தாயிரமாவது கூட்டிச் செய்ய வேண்டும் என்று விதி. எட்டு வயதுப் பெண், “தாத்தா, ஓய்வு பெறுறதுக்கு முன்னாடி எனக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டுப் போங்க” என்று நோட்டைத் தட்டிக் காட்டுகிறாள். இந்த நேர்த்தி எங்கள் சங்கத்தில் சிலருக்கு இருந்ததில்லை.

கல்லூரி விஷயமும் ஒன்று உண்டு. ஒரு லட்சம் கட்டிப் படித்து முடித்தவுடன் வேலைச் சீட்டுகளைக் கையில் நீட்டி, பிடித்ததை எடுத்துக்கொள் என்கிறார்கள். எங்கள் தெருவில் பொறியியல் முடித்துவிட்டுக் கல்விக் கடனோடு காத்திருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு இந்தக் கட்டத்தைக் காட்டினால் சிரிப்பார்களா, அழுவார்களா தெரியாது. இதற்கு நான் விதி எதுவும் போடவில்லை. அந்த வயதில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் என் மனைவி கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் விடை இல்லை. காரில் ஆறு ஓட்டை. நாம், துணை, பிள்ளைகள், நாய் வரைக்கும் இடமிருக்கிறது. “வயசான அப்பா அம்மாவ எந்த ஓட்டையில வைக்கிறது?” என்றாள். பலகை முழுக்கத் தேடினோம். அப்பா அம்மா யாருக்கும் இல்லை. எல்லாரும் காரோடு பிறந்தவர்கள். மருந்துச் செலவு, கண் ஆபரேஷன், ஊரில் தனியாக இருக்கும் தாய்க்கு மாதா மாதம் அனுப்பும் பணம், எதற்கும் கட்டமில்லை. ஓய்வு பெற்ற பிறகு வாழ்க்கையே இல்லை, காரை நிறுத்திவிட்டுக் காசை எண்ண வேண்டியதுதான். அதிலும் முதலில் போய் நிற்பவருக்கு நான்கு லட்சம், அடுத்தவருக்கு மூன்று என்று குறைந்துகொண்டே வருகிறது. இதை அமெரிக்கர்களின் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் ஊர்க் கணக்கை வைத்து அவர்கள் செய்தார்கள். அந்தக் கணக்கு எங்கள் வீட்டுப் பாயில் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, கட்டுரை எழுதியவருக்கு என் வேண்டுகோள் இரண்டு. வாங்குங்கள் என்று சொல்லும்போது, பெரியவர்கள் ஒருவராவது கூட உட்கார்ந்து ஆடட்டும் என்று சேர்த்து எழுதுங்கள். பெட்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோனால் கடனில் நஷ்டமில்லை என்பதுதான் மிஞ்சும். இன்னொன்று, இந்தப் பெட்டி ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டாலும் வாங்க முடியாது. பிராட்லி செய்ததும் ஒரு தாளில் அச்சடித்த கட்டங்கள்தானே. தங்கள் ஞாயிறு இணைப்பின் நடுப்பக்கத்தில் ஒருமுறை அப்படி ஒரு பலகையை அச்சிட்டுக் கொடுங்கள். காருக்குப் பதில் புளியங்கொட்டை போதும், சக்கரத்துக்குப் பதில் சோழி போதும். நகைக் கடன், கூட்டுறவுப் பயிர்க் கடன், மொய், கல்விக் கடன், பெற்றோர் மருத்துவச் செலவு, புயல் என்று கட்டங்களை எழுதித் தர நான் தயார். வட்டிக் கணக்கை நானே போட்டுச் சரிபார்த்து அனுப்புகிறேன். ஆடி பிறப்பதற்குள் வந்தால் நல்லது, மொய் விருந்துப் பந்தலில் பிள்ளைகளுக்குப் பொழுது போகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகை மதிப்பீட்டாளர் ஒருவர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.