சாலைக்கு அந்தப் பக்கம் போன கம்பெனிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாழவும் தொழில் நடத்தவும் ஏற்ற மாநிலம் எது என்ற கட்டுரையைப் படித்தேன். வரி குறைவு, நிலம் மலிவு, சலுகை தாராளம் என்று அடுக்கியவர், அந்தச் சலுகைகளால் கடைசியில் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்காமலே விட்டுவிட்டார்.

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி இரண்டு மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது. ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு சாலை. இந்தப் பக்கம் மிசூரி, அந்தப் பக்கம் கான்சஸ். பல வருடங்களாக இரு அரசுகளும் வரிச் சலுகையைக் காட்டி ஒருவர் கம்பெனியை மற்றவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏஎம்சி தியேட்டர் நிறுவனமே மிசூரியிலிருந்த தலைமை அலுவலகத்தை கான்சஸின் லீவுட்டுக்கு மாற்றியது. இப்படி இடம் மாறும்போது பெரும்பாலும் அதே ஊழியர்கள், அதே வீடுகள். காலையில் கார் திரும்பும் பக்கம்தான் வேறு. ஆனாலும் அதற்கு ‘வேலைவாய்ப்பு’ என்று பெயர், கஜானாவுக்கு வரவேண்டிய வரியும் போச்சு! சாலைக்கு அந்தப் பக்கத்து கம்பெனியை இழுக்கச் சலுகை தருவதில்லை என்று 2019-இல் மிசூரி ஒரு சட்டம் போட்டது, கான்சஸ் ஆளுநர் (அங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர்) லாரா கெல்லி ஓர் உத்தரவு போட்டார், இழுபறி அடங்கியது. அதுவும் ரொம்ப நாள் தாங்கவில்லை. 2024-இல் மிசூரியின் அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால் அணிகளுக்கு வலை வீச கான்சஸ் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இதே கான்சஸ் 2012-இல் வருமான வரியைக் கடுமையாகக் குறைத்தது. பல சிறு தொழில்களின் லாபத்துக்கு வரியே இல்லை என்றது. தொழில் பொங்கி வழியும் என்றார் அன்றைய ஆளுநர் சாம் பிரவுன்பேக். பொங்கவில்லை, வருவாய்தான் வற்றியது. பணமில்லாமல் சில பள்ளி மாவட்டங்கள் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) 2015-இல் கல்வியாண்டையே முன்கூட்டி முடித்தன. சரி, பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டியவர் அந்த மாநிலத்துக்கு எதை நம்பிக் குடிபோவார்? 2017-இல் ஆளுநரின் வீட்டோவையும் (மறுப்பாணையையும்) மீறிச் சட்டமன்றம் அந்தக் குறைப்பில் பெரும்பகுதியை ரத்து செய்தது. அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள் பலரும் சேர்ந்துதான்.

வரியே முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலாளி வரியைப் பார்த்து வரலாம். அவரிடம் வேலைக்கு வருகிறவர் பள்ளியையும் வாடகையையும் ஆஸ்பத்திரியையும் பார்த்துத்தான் வருவார். அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது, ஐந்து வருடத்துக்கு முன் சலுகை வாங்கிய கம்பெனிகள் சொன்னபடி ஆள் எடுத்தனவா என்று ஒரு பத்தியாவது சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்