ஜிப் பையில் வந்த அந்த ஒரு தாளுக்கு நன்றி

தம்பியை முதலில் அனுப்பிய கிளப்பில் உடையும் பூட்ஸும் வைக்கிற கிட் அறைப் பெரியவருக்கும், தம்பிக்காக ஓடி வந்த எல்லோருக்கும் வணக்கம்.

வேறு கிளப்பிலிருந்து லோனில் (கொஞ்ச காலத்துக்குக் கடனாக) எங்களிடம் வந்து ரக்பி லீக் ஆடிய தம்பிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தலையில் அடிபட்டது. நடந்ததை மறுபடி விரிவாக இங்கே எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். நேற்று சாயங்காலம் ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. தம்பி வீட்டில் இருக்கிறார். ஜன்னல் திரையை விலக்கச் சொல்கிறார், வெளிச்சம் கண்ணைக் குத்தவில்லையாம். இனி ஆட மாட்டார். அதை அவரே சொல்லிவிட்டார். எங்களுக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் பாதி மறந்துபோகும், அதனால் இப்போதே எழுதுகிறோம்.

பெரியவர் ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. பல வருஷத்துக்கு முன்னால் தம்பியை முதன்முதலாக லோனில் அனுப்பிய அன்று, ஒரு ஏ4 தாளை நாலாக மடித்து, சாண்ட்விச் வைக்கிற ஜிப் பைக்குள் போட்டு, அவருடைய பூட்ஸ் பையின் அடியில் வைத்தீர்களாம். யாரும் கேட்காமல் நீங்களாகச் செய்தது. அந்தத் தாள் ஏழு கிளப் தாண்டி ஆட்டத்துக்கு முன்னால் ஆட்டக்காரர்களுக்கு டேப் ஒட்டுகிற எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது.

லோனில் வருகிற ஃபார்வர்டின் (முன்வரிசையில் மோதி ஆடுகிறவரின்) நிலைமை இந்த ஆட்டத்தோடு இருப்பவர்களுக்குத்தான் புரியும். வியாழக்கிழமை மாலை ஆறரைக்குப் புதுக் கிளப் வாசலில் வந்து நிற்பார். ஒரே ஒரு பயிற்சி. அன்று இரவே அந்த அணியின் சைகைகள், பெயர்கள், யார் எந்தப் பக்கம் நிற்பது எல்லாம் மண்டையில் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசைக்காரரின் எட்டோ பத்தோ எண் சட்டை, இல்லாவிட்டால் பெஞ்ச். வடக்கு இங்கிலாந்தில் ஹல்லிலிருந்து விட்னெஸ் வரை பெரும்பாலான கிளப்புகள் எம்62 நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால் வீடு மாறத் தேவையில்லை, காரை எந்த எக்ஸிட்டில் திருப்புவது என்பதுதான் மாறும். ஆனால் இறங்குகிற இடத்தில் அவருடைய உடம்பை அறிந்தவர் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். எந்த விரல் பழைய காயம், எந்தத் தோள் எழும்பி நிற்கும், எத்தனை நிமிஷத்தில் கால் கனக்கும், எல்லாம் முந்தின கிளப்பிலேயே தங்கிவிடும். தேசிய அணி முகாமிலும் இதே கதைதான். திங்கட்கிழமை பல கிளப்புகளிலிருந்து வந்து கூடுவார்கள், வாரக் கடைசியில் சர்வதேச ஆட்டம்.

அந்த இடைவெளியை உங்கள் தாள் அடைத்தது. அதில் இருந்ததைக் கொஞ்சம் இங்கே சொல்கிறோம், மற்ற கிளப்புகளில் டேப் மேசையில் நிற்பவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் இடது கட்டைவிரல். இரண்டரை சென்டிமீட்டர் அகல ஜிங்க் ஆக்சைடு டேப். மணிக்கட்டில் ஒரு சுற்று அடித்தளம். அங்கிருந்து விரலைச் சுற்றி வந்து அடிமூட்டின் மேல் குறுக்காக விழும்படி மூன்று சுற்று. "விரல் பந்தைப் பிடித்த மாதிரி உள்ளே வளைந்திருக்கும்போதே ஒட்டு" என்று அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். விறைப்பாக நீட்டி ஒட்டினால், எதிராளி பிடித்து மடக்குகிற டேக்கிளுக்கு நடுவே ஒற்றைக் கையால் பந்து கொடுக்க முடியாது. இடைவேளையில் தானே பிய்த்துவிடுவார், அப்புறம் காப்பே இல்லை. ஒட்டி முடித்ததும் நகத்தை அமுக்கிப் பார்க்கணும். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்பாவிட்டால் இறுக்கம் அதிகம், மறுபடி செய்யணும்.

அடுத்து வலது தோள், காறையெலும்பு தோளோடு சேரும் மூட்டு. மார்பிலும் முதுகிலும் முந்தின நாள் இரவே மயிர் மழித்திருக்க வேண்டும். ஆட்ட நாளில் மழித்தால் வேர்வையும் பசையும் சேர்ந்து தோல் வெந்துவிடும். கையை இடுப்பில் ஊன்ற வைத்து, முன்னிருந்து பின்னாகக் காறையெலும்பு நுனியை அழுத்திக்கொண்டு பட்டைகள் போகணும். கையைத் தொங்கவிட்டு ஒட்டியவர்கள் உண்டு. முதல் டேக்கிளில் கையை உயர்த்தினதுமே எல்லாம் பிடுங்கிக்கொண்டு வரும். காதுக்கு வாசலின், மேலே டேப் இரண்டு சுற்று, டேப்பின் நுனி நெற்றியில் முடியக் கூடாது.

இதுவரைக்கும் கைத்திறமை. நல்ல டேப்காரர் யாரும் எழுதக்கூடியது. அதற்குக் கீழே நீங்கள் எழுதியதுதான் எங்களை உலுக்கியது.

"முதல் தடவை இறக்கினால் 22 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். ஒரே செட்டில் மூன்றாவது தடவை பந்தை எடுத்து ஓடினால் அடுத்த தடுப்பில் முழங்கால் மடங்காது. நிமிர்ந்தபடியே போவான், தலை தப்பான பக்கம் விழும்." ரக்பி லீக்கில் ஒரு அணிக்கு ஆறு டேக்கிள், அதுதான் ஒரு செட். அது முடிந்ததும் பந்து கைமாறுகிறது, ஓடிக் களைத்த அதே ஃபார்வர்டுகள் அடுத்த நொடி தடுக்க நிற்கிறார்கள். ஒவ்வொரு டேக்கிளுக்கும் பத்து மீட்டர் பின்னே ஓடி, திரும்ப முன்னே வரணும். தலையில் அடி அதிகம் படுவது பந்தோடு ஓடுகிறவருக்கு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். தடுக்கப் போகிறவருக்குத்தான் அதிகம் படுகிறது. களைத்த கால் இடுப்பைத் தாழ்த்தாது. இடுப்பு தாழாவிட்டால் தலை எதிராளியின் முழங்கால், முழங்கை, தலை இதில் ஏதோ ஒன்றின் நேர்ப்பாதையில் போய் நிற்கும். இதைப் பாடமாகச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த ஆளுக்கு இத்தனை நிமிஷத்தில் இது நடக்கும் என்று எழுதிவைத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

பிறகு அந்த வரி: "எதைக் கேட்டாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். அதைப் பார்க்காதே. ஒவ்வொரு டேக்கிளுக்கும் முன்னால் இடது கையால் வலது காது டேப்பைத் தொடுவான். தொடுவதை நிறுத்திவிட்டால் வெளியே கூப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பாட்டில் கொண்டுபோகிற பையன்தான் தம்பி காதைத் தொடுவது நின்றுபோனதை முதலில் கவனித்தான். ஆட்டத்துக்கு முன்னால் அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்திருந்தோம், அவனும் படித்திருந்தான்.

தலையில் அடிபட்டவரிடம் மருத்துவர் கேட்கிற ஐந்து கேள்விகள் இந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை: இது எந்த மைதானம், இப்போது எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் உங்கள் அணி ஜெயித்ததா. சோதனை இதோடு முடிவதில்லை, ஆனால் இங்கேதான் தொடங்குகிறது. லோன்காரருக்குக் கடைசி இரண்டும் சிக்கல். அவர் போன வாரம் ஆடியது வேறு கிளப்புக்கு. கேட்கிறவருக்கே சரியான பதில் தெரியாது. தம்பி கொஞ்சமும் தடுமாறாமல் ஒரு அணியின் பெயரைச் சொன்னார், ஜெயித்தோம் என்றும் சொன்னார். கேட்டால் யாரும் நம்புவார்கள்.

தாளின் அடியில் பென்சிலால் ஒரு வரி உண்டு: தேதி, எந்தக் கிளப்புக்கு, யாரோடு, என்ன முடிவு. "இந்த வாரம் இவன் யாரிடம் இருக்கிறானோ அவர்கள் அழித்து எழுதவும்" என்று நீங்கள் பேனாவால் கேட்டிருந்தீர்கள். அந்த இடம் மட்டும் அழிரப்பர் பட்டுப் பட்டுத் துணி மாதிரி மெலிந்துபோயிருக்கிறது. அதில் இருந்த அணி வேறு, முடிவும் வேறு. தம்பி சொன்னது அதற்கும் முந்தின வாரத்து ஆட்டம். மருத்துவர் தாளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், சட்டையைக் கழற்றச் சொல்லி ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். தாளின் பின்பக்கத்தில் மூன்று பழைய அடிகளின் தேதியும் இருந்தது. அதையும் ஆம்புலன்ஸில் கொடுத்தனுப்பினோம்.

அந்தப் பென்சில் வரியில் எத்தனையோ கையெழுத்து. சாய்வானது, குண்டானது, தப்பும் தவறுமாக எழுதியது. போன வாரம் எழுதியவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நன்றி. ஒரு வாரம் யாராவது சோம்பல் பட்டிருந்தால் தாள் பொய் சொல்லியிருக்கும்.

மற்றவர்களையும் சொல்லாமல் விட மனசில்லை. கழுத்தைப் பிடித்தபடி கடைசிவரை கையை எடுக்காத எதிரணி ஃபிசியோ, ஆம்புலன்ஸ்காரர்கள், இரவெல்லாம் மணிக்கொரு தடவை எழுப்பிப் பார்த்த வார்டு நர்ஸ்கள், குழந்தைகளைக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்ட பக்கத்து வீட்டு அம்மா, சத்தம் போடாமல் எழுந்து நின்ற இரண்டு பக்கத்து ரசிகர்கள். வார நாட்களில் தம்பிக்குக் குழாய் வேலை கொடுக்கிற முதலாளிக்குத் தனியாக ஒரு கும்பிடு: வரும்வரை கூலி நிற்காது என்று சொல்லிவிட்டார். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கு இங்கிலாந்துக் கிளப்புகள் ரக்பி யூனியனிலிருந்து பிரிந்து வந்ததே, ஆட்டத்துக்காக வேலையை விட்டு வருகிறவனுக்கு இழந்த கூலியைத் தரணும் என்கிற தகராறில்தான். அந்தக் கணக்கைத் தன் கைப்பணத்தில் தீர்த்திருக்கிறார் இவர்.

முன்பு அயர்லாந்து அணிக்குத் தம்பி தேர்வானபோது, பாட்டி வழியாக அந்த அணிக்கு உரிமை உண்டு என்று காட்ட, பாட்டியின் பிறப்புச் சான்றிதழைத் தேடிக் கொடுத்த பதிவு அலுவலகத்து அம்மாவையும் நினைத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தின் சுருக்கச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது, அது எடுபடாது. தம்பியுடையதும் அவர் அம்மாவுடையதும் முழுச் சான்றிதழாக வேண்டும், பாட்டியின் கல்யாணச் சான்றும் வேண்டும். இல்லாவிட்டால் குடும்பப்பெயர் மாறிய இடத்தில் சங்கிலி அறுந்துவிடும். குடும்பப்பெயருக்கு முன்னால் இருந்த "ஓ" எழுத்து ஒரு தாளில் இருந்து இன்னொன்றில் விட்டுப்போயிருந்ததை அந்த அம்மாதான் கண்டுபிடித்தார். அந்தப் பச்சைச் சட்டை இப்போது தம்பி வீட்டு மாடிப்படிச் சுவரில் தொங்குகிறது.

ஐயா, ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். எங்களிடமிருந்து லோனில் போகிற யாரும் இனித் தாள் இல்லாமல் போக மாட்டார்கள். உங்கள் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டோம்: டேப், நிமிஷம், களைப்பின் அடையாளம், ஆளின் பழக்கம், பின்பக்கம் பழைய அடிகள், அடியில் பென்சில் வரி. பழக்கம் என்கிற இடத்தை நிரப்பத்தான் நேரம் ஆகிறது. இரண்டு வருஷமாகப் பக்கத்தில் நின்ற பையன்களுக்கே என்ன எழுதுவது என்று தெரியாமல் கையைப் பிசைந்தோம். இந்த வாரம் பயிற்சியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மூலத் தாளைத் தபாலில் அனுப்புகிறோம், உங்களிடமே இருக்கட்டும். ஒன்று மட்டும். கட்டைவிரலுக்கு நீங்கள் எழுதிய மூன்று சுற்றை யாரோ அடித்து நான்கு என்று திருத்தியிருக்கிறார்கள். அது சரிதான் ஐயா, மூட்டு போன வருஷமே தளர்ந்துவிட்டது. தப்பாக நினைக்காதீர்கள்.

டேப் மேசையிலிருந்து,
அன்புடன் நாங்கள்